நான் எழுதாத என் கட்டுரை

என் பெயரில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்திருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் பல விஷயங்கள் எனக்கே புதியவை.

நான் தோல் டாக்டர். தோல் பதனிடுகிற ஊரான ஆம்பூரில் போய் அப்படிச் சொன்னால், "ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?" என்று கேட்பார்கள். மனுஷத் தோல் என்று விளக்கியதும் மரியாதை கொஞ்சம் குறையும். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் கட்டுரை போட வேண்டும். என்னிடம் நோயாளிகள் இருந்தார்கள், அவர்களிடம் அரிப்பு இருந்தது, கட்டுரைதான் யாரிடமும் இல்லை. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் மேலே போய் உட்கார்ந்துகொண்டு, "என்ன ஜெபசீலன், இன்னும் அதே ரூம்தானா?" என்று அன்பாக விசாரிப்பார்கள். வயிறு எரியும். சிரித்துக்கொண்டே, "ஆமா சார், காத்து நல்லா வருது" என்பேன். அந்த அறையில் ஜன்னலே கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் நவீத் வந்தான். பெங்களூரில் இருக்கும் ஒரு மருந்து கம்பெனியில் அவன் என்னவோ மேனேஜர். என்ன மேனேஜர் என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை; விசிட்டிங் கார்டில் இடம் போதாமல் பதவி பின்பக்கத்துக்குப் போய்த் தொடர்ந்தது. அவர்கள் 'கரகவசம்' என்றொரு கிரீம் செய்திருந்தார்கள். ஷூ கம்பெனியில் குரோம் போட்டுப் பதனிட்ட தோலையும் ஒட்டுகிற கம்மையும் கையால் தொட்டு வேலை செய்கிற பெண்களுக்குக் கையெல்லாம் வெடித்து, அரித்து, தோல் உரியும். அதற்கு இதுவரை கையுறைதான் காப்பு. இனிமேல் கையுறை வேண்டாம், கிரீமைத் தடவிக்கொண்டால் போதும் என்பது கம்பெனியின் துணிபு. அதை நிரூபிக்க ஓர் ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒரு டாக்டர் வேண்டும்.

"சார், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். கையப் பாத்து எழுதிக் குடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்குறோம். உங்க பேர் ஃபர்ஸ்ட்ல வரும்" என்றான் நவீத்.

ஒன்றுமே பண்ணாமல் பேர் முதலில் வரும் என்பதைக் கேட்டதும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடவுள் ஒருவழியாக என் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆய்வு தொடங்கியது. பாதிப் பெண்களுக்குக் கையுறை, பாதிப் பெண்களுக்குக் கிரீம். ஷூ கம்பெனியின் தொழிலாளர் நல அதிகாரி ஜியாவுதீன், முதல் நாளே தன் நலனை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"டாக்டர் சாப், ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு பேப்பர் வந்துட்டா எனக்குப் போதும். கிளவுஸ் மொத்தத்தையும் நிறுத்திடலாம். கிளவுஸ் போட்டா கை ஸ்லோ ஆவுது, பீஸ் கம்மியாவுது, ஒரே பேஜாரு."

கிரீம் பக்கம் போன பெண்களில் ஒருத்தி ஜஹீருன்னிசா. கம் தடவுகிற வேலை. சில நாளிலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். விரலிடுக்கெல்லாம் கொப்புளம். உள்ளங்கை வீங்கி, மூட வராமல் நின்றது.

"சோறு பிசைய முடியல சார். புள்ளைக்கு ஜடை போட முடியல. ராத்திரில கைய தலைக்கு மேல தூக்கி வெச்சிக்கினு படுக்குறேன்."

"இனிமே அந்தக் கிரீமத் தொடாதம்மா. கிளவுஸே போட்டுக்கோ" என்றேன். அவளைப் போல இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி நவீதிடம் கொடுத்தேன். அவன் ஜஹீருன்னிசாவின் கைப் படத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர் சார், ரொம்ப முக்கியமான தகவல்" என்றான். ஒரு மனுஷன் எவ்வளவு பொறுப்பாக இருக்கிறான் என்று வீட்டில் வந்து பாராட்டினேன்.

கொஞ்ச நாளில் மின்னஞ்சல் வந்தது. 'மதிப்புக்குரிய டாக்டர், தாங்கள் எழுதிய கட்டுரையை இத்துடன் இணைத்துள்ளோம். வாழ்த்துகள்.' திறந்து பார்த்தால், முதலில் என் பெயர்! இனிஷியலோடு! நான் அதை அச்செடுத்து, சாப்பாட்டு மேஜையில் தற்செயலாகக் கிடப்பதுபோல வைத்தேன். என் மனைவி ஃபீபி வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தற்செயல்களை அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"ஏங்க, இது நீங்க எழுதுனதா?"

"ஏன், என் பேர்தானே போட்டிருக்குது?"

"பேர் இருக்குது. தப்பே இல்லாம இருக்குதே, அதான் கேட்டேன்."

நின்றபடியே படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, தமிழில் சொல்லிப் பார்த்தாள். "'பங்கேற்பாளர்கள் சிலருக்குத் தங்கள் கைகளைக் குறித்து மிதமான, தற்காலிகமான விழிப்புணர்வு ஏற்பட்டது.' இன்னாங்க இது?"

"அது வந்து... டெக்னிகலா ஒண்ணு" என்றேன். பிறகு அவளிடமிருந்து தாளை வாங்கி, என் பெயரைத் தாண்டி முதல்முறையாகப் படித்தேன். கொப்புளம் என்ற சொல் கட்டுரையில் எங்குமே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் விழிப்புணர்வு இருந்தது. கடைசிப் பத்தி, கிரீமும் கையுறையும் சமம், ஆகவே கையுறையைத் தாராளமாகக் கைவிடலாம் என்று முடிந்தது. இதைச் சொல்பவன் யார் என்று மேலே பார்த்தால் அங்கே நான் இருந்தேன்.

"அந்தப் பொண்ணு கைய நீங்க தானே பாத்தீங்க? இது வெளிய வந்தா அவங்க எல்லாருக்கும் கிளவுஸ் போய்டும்ல?" என்றாள் ஃபீபி.

மின்னஞ்சலின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். மருந்து கம்பெனியின் எழுத்துப் பிரிவிலிருந்து ஜெனிஃபா என்று ஒரு பெண் எடுத்தாள். பேச்சைக் கேட்டதுமே ராணிப்பேட்டைப் பக்கம் என்று தெரிந்தது.

"சார்! வணக்கம் சார். நீங்க எழுதுன கட்டுரை ரொம்ப அருமை சார்."

"அத எழுதுனது நீதானேம்மா?"

"ஐயோ, அப்டிலாம் சொல்லாதீங்க சார், வேலை போய்டும். நான் வெறுமனே எழுதுறவ. கட்டுரையாளர் நீங்க."

"கொப்புளம் எங்கம்மா போச்சு?"

"நான் கொப்புளம்னு தான் சார் போட்டேன். மார்க்கெட்டிங்ல அத 'அசௌகரியம்'னு மாத்துனாங்க. வக்கீல் 'ஒருவித உணர்வு'ன்னாரு. கடைசியில மேலிடத்துல ஒரு சார், எதுக்கு நெகட்டிவா, 'விழிப்புணர்வு'ன்னு போடுங்கன்னுட்டாரு."

"நான் திருத்தம் சொன்னா போடுவீங்களா?"

"கண்டிப்பா சார்! நீங்க என்ன நினைக்குறீங்கன்னு ரெண்டு வரி அனுப்புங்க. நாங்க அத நீங்க நினைக்குற மாதிரி எழுதித் தர்றோம்."

அனுப்பினேன். கொப்புளங்களைச் சேர்க்க வேண்டும், கையுறையைக் கைவிடலாம் என்ற வரியை நீக்க வேண்டும் என்று எழுதினேன். பதில் உடனே வந்தது. 'தங்கள் கருத்துக்கு நன்றி. தங்கள் கருத்து வேறாக இருப்பதால், தங்கள் கல்லூரியின் கட்டுரையாளர் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியுள்ளோம்.'

எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு இருக்கிறது என்பது அன்றுதான் தெரியும். நான் அதில் உறுப்பினர் என்பதும் அன்றுதான் தெரியும்.

குழுவுக்குத் தலைவர் டீன் டாக்டர் வேலாயுதம். நல்ல மனுஷர், யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திட்டுவார். சமோசா வந்தது, டீ வந்தது, கூட்டம் தொடங்கியது. முதல் பொருள், பெயர் வரிசை. அதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போய்விட்டால் ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதே பயபக்தியோடு கட்டுரைக்கும் பெயர் போட்டார்கள். கைக்குள் எலும்பு இருப்பதால் எலும்புத் துறைத் தலைவர் பெயர் சேர்ந்தது. விழிப்புணர்வு வருவதால் மனநலத் துறையும் வந்தது. பிரசவ வார்டு டாக்டரம்மா ஏன் என்று நான் கேட்டேன்.

"போன கட்டுரையில அவங்க என் பேர் போட்டாங்கப்பா. மொய் வெச்சா திருப்பி வெக்கணுமா இல்லயா?" என்றார் டீன்.

நான் எழுந்து, "சார், கட்டுரையில இருக்கிறது தப்பு. பேஷண்டுங்க கை வெந்துபோயிருக்குது" என்றேன்.

எலும்புத் துறைத் தலைவர் சமோசாவைக் கீழே வைத்தார்.

"ஜெபசீலன், உட்காருப்பா" என்றார் டீன். "கட்டுரையில என்ன இருக்குதுன்றது உள்ளடக்க விஷயம். இது கட்டுரையாளர் குழு. இங்க யாரும் கட்டுரையப் படிக்கல. படிச்சா ஒரு அபிப்ராயம் வந்துடும், நடுநிலை போய்டும். அத நாங்க ரொம்ப கண்டிப்பா காப்பாத்திக்கினு வர்றோம்."

"எழுதுன பொண்ணு பேராவது போடணும் இல்லயா சார்?"

"அதெப்படி? அந்தப் பொண்ணு கூலிக்கு எழுதுது. கூலி வாங்குனவங்க பேரப் போட்டா அது நெறிமுறையா? நாம கூலியா வாங்குறோம்? நமக்கு வர்றது கௌரவ ஊதியம். அதனாலதான் நம்ம பேரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பழக்கதோஷத்தில் ஆட்டிவிட்டேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அப்போ என் பேர எடுத்துடுங்க சார்" என்றேன்.

மாப்பிள்ளை முகூர்த்தத்தில் எழுந்து, எனக்கு வேண்டாம் என்று சொன்னால் மண்டபம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தார்.

"பேர எடுக்கணும்னா ஒரு முறை இருக்குது. முதல்ல நீ கட்டுரையாளர்னு நிரூபிக்கணும். ஆய்வ வடிவமைச்சது நீயா?"

"இல்ல சார். கம்பெனி."

"எழுதுனது?"

"இல்ல சார்."

"இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் குடுத்தியா?"

"குடுக்க மாட்டேன்னு தான் சார் நிக்கிறேன்."

"அதுல இருக்கிறதுக்கெல்லாம் நீ பொறுப்பேத்துக்குறியா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்போ நீ கட்டுரையாளரே இல்லப்பா" என்றார் டீன், உண்மையான வருத்தத்தோடு. "கட்டுரையாளர் இல்லாதவன் எப்படி பேர வாபஸ் வாங்க முடியும்? உனக்கு அந்த உரிமையே கிடையாது. அதனால உன் பேரு இருக்கும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் எதிர்த்துக் கை தூக்கினேன். கட்டுரையாளர் அல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்றார்கள். வெளியே வரும்போது டீன் என் தோளில் கையைப் போட்டு, "இணைப் பேராசிரியர் ஆர்டர் என் மேஜை மேலதான்பா இருக்குது. கட்டுரை வந்ததும் கையெழுத்து" என்றார்.

அந்த இடத்தில் ஒரு மானஸ்தன் என்ன சொல்லியிருப்பான் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள் தோன்றின. அங்கே நான் சொன்னது, "தேங்க்ஸ் சார்."

கட்டுரை வெளிவந்தது. ஆர்டரும் வந்தது. ஜன்னல் உள்ள அறைக்கு மாறினேன். வெளியே பார்த்தால் ஜெனரேட்டர். ஃபீபி வாழ்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள் பாட்டுக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதற்கடுத்த வாரம் ஷூ கம்பெனியில் விழா. 'கையுறையிலிருந்து விடுதலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன்; மருத்துவக் கல்லூரியாச்சே, உடனே வண்டியில் ஒரு வயிற்று டாக்டரையும் ஏற்றி அனுப்பிவிட்டார் டீன்.

கேட்டைத் தாண்டினதும் ஃப்ளெக்ஸ் பேனர். அதில் நான்! மாடி உயரத்துக்கு! முகத்தை நன்றாக வெளுப்பாக்கி, எனக்குச் சொந்தமில்லாத ஒரு கோட்டை மாட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். தோல் டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் எதற்கு? கீழே, 'கையுறை தேவையில்லை என்று கண்டறிந்த எங்கள் டாக்டர்' என்று கொட்டை எழுத்து. முற்றத்தில் ஷாமியானா, வரிசை வரிசையாக நாற்காலியில் பெண்கள். மேடையை ஒட்டி ஒரு கோணிச் சாக்கு. ஒவ்வொருத்தியும் உள்ளே வரும்போதே கையுறையைக் கழற்றிச் சாக்கில் போட வேண்டும். ஜியாவுதீன் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். சாக்கு கழுத்துவரை நிரம்பியிருந்தது.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டீன் பேசினார். "நம்ம கல்லூரியில ஆராய்ச்சி எப்படி நடக்குதுன்னா, அது நமக்கே தெரியாம நடக்குது. அவ்ளோ சிரத்தை!" பிறகு நவீத் வந்தான். "எங்க கம்பெனிக்கு ஒரே கொள்கை தாங்க. டாக்டருங்களோட சுதந்திரத்துல நாங்க தலையிடவே மாட்டோம். திட்டம் போட்டுக் குடுப்போம், எழுதிக் குடுப்போம், முடிவு இன்னான்னு சொல்லுவோம். மத்தபடி முழு சுதந்திரம்." பலத்த கைதட்டல்.

அடுத்து ஒரு விருது. கட்டுரையில் குறிப்பிடப்பட்டிருக்கும் 'விழிப்புணர்வு' அதிகமாக ஏற்பட்ட பணியாளருக்குப் பாராட்டு. பதிவேட்டைப் பார்த்து யாரோ பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜஹீருன்னிசாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்தாள். கை ஏறக்குறைய ஆறியிருந்தது. புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. கரகவசம் ட்யூபை நவீத் என் கையில் கொடுத்து, அவளிடம் கொடுக்கச் சொன்னான். போட்டோக்காரன், "சார், ஸ்மைல்" என்றான்.

அவள் கையை நீட்டவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"சார், இதத் தானே நீங்க தொடாதேன்னீங்க?"

நீட்டிய ட்யூபை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"மருந்த மாத்திட்டாங்களா சார்? மொதல்ல நான் கிளவுஸ குடுக்க மாட்டேன்னு தான் சொன்னேன். ஜியாவுதீன் பாய் பேப்பரக் காமிச்சாரு. உங்க பேரு மேல இருந்துச்சு. சரி, நம்ம டாக்டரே சொல்லிட்டாருன்னு சாக்குல போட்டுட்டேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னை நம்பி இந்த உலகத்தில் யாராவது ஒரு காரியம் செய்திருக்கிறார்களா என்றால், இவள் செய்திருக்கிறாள். நான் எழுதாத ஒன்றை நம்பி! என் சொந்தப் பெண்டாட்டி கடைக்குப் போகும்போது நான் சொன்ன விலையை நம்பமாட்டாள்.

"இப்போது முதல் கட்டுரையாளர் உரை" என்று அறிவித்தார்கள். சட்டைப் பையில் உரை இருந்தது. ஜெனிஃபா எழுதியது, முந்தின நாளே வந்துவிட்டது. அதை எடுக்காமலே மைக்கைப் பிடித்தேன்.

"அந்தக் கட்டுரைய நான் எழுதல" என்றேன்.

பிறகு கைதட்டினார்கள் பாருங்கள்! அப்படி ஒரு கைதட்டலை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. டீன் எழுந்து நின்றே தட்டினார். "பாத்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்!"

"தன்னடக்கம் இல்ல சார், நிஜமாவே எழுதல!"

கைதட்டல் இன்னும் ஜாஸ்தியாச்சு. நவீத் இன்னொரு மைக்கில், "பெரிய மனுஷங்க எப்பவும் இப்டித்தான் சொல்லுவாங்க" என்றான்.

"யோவ், இந்தம்மா கை வெந்துபோச்சுய்யா! கிரீம்ல தான் வெந்துச்சு! நான் பாத்தேன், எழுதிக் குடுத்தேன், அத எடுத்துட்டாங்க! அந்தக் கிரீமத் தடவாதீங்க, கிளவுஸ கழட்டாதீங்க!"

பாதியிலேயே மைக் செத்துவிட்டது. கடைசி வாக்கியத்தை நான் வெறும் தொண்டையில் கத்தினேன். அதுவும் தழுதழுத்து, பெண்பிள்ளைக் குரலில் வந்தது. முன்வரிசைக்கு அப்பால் யாருக்கும் கேட்டிருக்காது. டீன் என் பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்து நாற்காலிப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஜஹீருன்னிசா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே கேட்டிருந்தது.

"நீங்க எழுதலயா?"

"இல்லம்மா."

"உங்க பேரு?"

"அவங்களே போட்டுக்கினாங்க. நானும் விட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று படியிறங்கி, சாக்கிடம் போய், கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஜியாவுதீன் ஓடி வந்து, "ஏய், இன்னா பண்ற, ஃபங்ஷன் நடக்குது!" என்றார். அவள் காதில் வாங்கவே இல்லை. ஒரு ஜோடியை இழுத்து எடுத்து, முன்வரிசைப் பெண்களைப் பார்த்து உருதுவில் என்னவோ சொன்னாள். எனக்கு உருது அரைகுறை. 'டாக்டர் எழுதவில்லையாம்' என்பது மட்டும் புரிந்தது. முதலில் ஒருத்தி எழுந்தாள். அப்புறம் அந்த வரிசையே எழுந்தது. சாக்கு சரிந்து, கையுறைகள் முற்றமெல்லாம் கொட்டின. பெண்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டு, இது உன்னுது, அது என்னுது என்று சத்தம் போட்டார்கள். விழாவுக்கு வந்திருந்த, ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததால், ஜியாவுதீன் யார் கையிலிருந்தும் பிடுங்க முடியாமல், "எடுத்துக்கோங்கம்மா, எடுத்துக்கோங்க, உங்களுது தானே" என்று சிரிக்க வேண்டியதாயிற்று.

டீன் என் காதருகே, "நாளைக்கு வந்து என்னப் பாரு" என்றார். உட்காரச் சொல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். ஜெனரேட்டர் ஜன்னலுக்கு இனி நான் சொந்தக்காரன் இல்லை என்று புரிந்தது. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கேட்டருகே ஜஹீருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டே தலையைத் தூக்கிப் பேனரை ரொம்ப நேரம் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஒரு வார்த்தை நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் பரவாயில்லம்மா" என்று சொல்லத் தயாராக நின்றேன்.

"ஏன் சார்," என்றாள், "அந்தப் போட்டோல இருக்கிறதாவது நீங்க தானா?"